பூட்டியிருந்த நான்கு வீடுகள்

என் மனைவியின் தங்கை புருஷன், அதாவது என் சகலை, வீட்டுக்குள் நுழையும் முன்பே அவர் பேச்சு நுழைந்துவிடும். செருப்பைக் கழற்றும்போது தொடங்கினால் திரும்ப மாட்டும்போதும் முடிந்திருக்காது. எனக்குப் பேத்தி பிறந்த வாரம் பார்க்க வந்தார். பிள்ளை தூங்குகிறது என்று வாயில் விரல் வைத்துக் காட்டினேன். புரிந்தது போலத் தலையாட்டிவிட்டு, மூக்கு யாரைப் போல இருக்கிறது என்று அரை மணி நேரம் பேசினார். என்னைப் போலத்தான் என்றேன். அதைப் பிள்ளையிடம் இப்போது சொல்ல வேண்டாம், கொஞ்சம் வளர்ந்து மனசு திடமானதும் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

பேத்திக்கு இப்போது மூன்று மாதம் ஆகிறது. என் விரலைப் பிடித்தால் விடுவதில்லை. பிடி அப்படி ஒரு பிடி, என் பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ்கூட அப்படிப் பிடிக்காது. அவள் தூங்கும் நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். சகலையைப் பற்றித் தெருவில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். நான் கூடவே இருந்தவன். எனக்குத் தெரிந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

சகலைக்கு மின்வாரியத்தில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுவது. முப்பத்தொரு வருடம் அதையேதான் செய்தார். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி, எந்த வீட்டில் மாடிப்படிக்குக் கீழே குனிந்தால் தலை இடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வீடு பூட்டியிருந்தால் 'டோர் லாக்' என்று குறித்துக்கொண்டு, போன மாதங்களின் கணக்கைக் கூட்டி வகுத்து ஒரு எண்ணைப் போட்டுவிட்டு வந்துவிடுவார். அதற்கு 'ஆவரேஜ் போடுவது' என்று பெயர். எல்லா மீட்டர்காரரும் செய்வதுதான். வாரியமே அனுமதித்த வழி அது.

ஓய்வு பெற்ற பிறகு அவரை வீட்டில் வைத்துக்கொள்ள என் மச்சினியால் முடியவில்லை. பிரிட்ஜ் முன்னால் நின்று அது எத்தனை யூனிட் இழுக்கிறது என்று தினமும் சொல்லிக் காட்டினால் யார்தான் தாங்குவார்கள். எங்கேயாவது சேர்த்துவிடுங்கள் மாமா, சம்பளம்கூட வேண்டாம், காலையில் போய்ச் சாயங்காலம் வந்தால் போதும் என்று என்னிடம் கெஞ்சினாள்.

அப்போதுதான் நகரத்தில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட முடிவு செய்து, அதற்கு ஒரு ஆபீஸ் திறந்திருந்தார்கள். பழைய நூலகத்துக்கு மேல் இரண்டு அறை. சுவரளவு வரைபடத்தை நிறுத்த ஒரு இரும்பு ஸ்டாண்டு வேண்டுமென்று என்னிடம் வந்தார்கள். நான் வெல்டர். ஸ்டாண்டைக் கொண்டுபோய்ப் பொருத்தும்போது, வீடு வீடாகப் போய் மக்களிடம் கருத்துக் கேட்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. என் சகலையைப் போல வீட்டுக் கதவு தட்டத் தெரிந்தவர் இந்த ஊரில் கிடையாது என்று சொல்லி அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே பொறுப்பில் இருந்தது முப்பது வயதுப் பெண். பெரிய படிப்பு, கண்டிப்பான பேச்சு. சகலை அவருக்கு 'மேப் மேடம்' என்று பெயர் வைத்தார். மேப் மேடம் சொன்ன விதி இதுதான். ஒரு தெருவில் மூன்றில் இரண்டு பங்கு வீடாவது படிவம் கொடுத்தால்தான் அந்தத் தெரு திட்டத்தில் சேரும். படிவத்தில் பத்துக் கேள்விகளுக்கு டிக் அடித்தால் போதும். கடைசிக் கட்டத்தில் மட்டும் அந்தத் தெருவில் தாங்கள் கண்டதை வீட்டுக்காரர் தம் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் படிவம் கணக்கில் வராது. சொன்னதற்குத் தகுந்தபடி வரைபடத்தில் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சாதாரண விஷயம் என்றால் பச்சை. யாருக்காவது அடிபட்ட இடம் என்றால் சிவப்பு.

சகலைக்குக் கொடுத்த தெரு நீளமானது. ஒரு பக்கம் அறுபது வீடுகள். எதிர்ப்பக்கம் திறந்த வாய்க்கால். ஆள் மார்பளவு ஆழம், கறுப்புத் தண்ணீர். அது ஓடுவது கண்ணுக்குத் தெரியும், காதில் விழாது. ஐம்பத்திரண்டாம் வீட்டுக்கு எதிரே தெரு சட்டென்று திரும்புகிறது. அந்த வளைவில் வாய்க்காலுக்குக் கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது. மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தத் தெருவில் நின்றால் நம் செருப்புச் சத்தம் நமக்குப் பின்னால் யாரோ வருவது போலக் கேட்கும்.

அறுபது வீட்டுக்கு நாற்பது படிவம் வேண்டும். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் சகலை என் பட்டறைக்கு வந்தபோது கையில் முப்பத்தாறுதான் இருந்தன. இருபது வீட்டுக்காரர்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் நான்கு வீடு. எட்டு, பதினான்கு, முப்பத்தொன்று, ஐம்பத்திரண்டு. எத்தனை தடவை போனாலும் பூட்டு.

கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்தார். தொடையில் அட்டையை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். நான் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஆவரேஜ் போடறேன் சகல."

"இது என்ன கரண்ட் பில்லா?"

"முப்பத்தொரு வருஷம் போட்டிருக்கேன். யாருக்காவது ஷாக் அடிச்சுதா? நாலு வீட்டுக்காக ஒரு தெருவே போகணுமா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த வீட்டார் சொன்னதை வைத்துப் பத்துக் கேள்விக்கும் டிக் அடித்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் எழுதுவதை வாய்விட்டுப் படித்தார். நான் கேட்டுக்கொண்டே வேலை செய்தேன். எட்டாம் எண் வீட்டுக்கு, 'பஸ் உரசித் தோளில் அடிபட்டது, அதிலிருந்து சைக்கிளைத் தொடுவதில்லை' என்று எழுதினார். பதினான்குக்கு, 'அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே சைக்கிள், முறை வைத்து ஓட்டுகிறோம்.' முப்பத்தொன்றுக்கு, 'எங்கள் வீட்டில் யாரும் ஓட்டுவதில்லை, மத்தியானத்தில் மணிச் சத்தம் மட்டும் கேட்கிறது.' இது நன்றாக இருக்கிறது, கவிதை மாதிரி இருக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

ஐம்பத்திரண்டுக்கு வந்ததும் பேனாவைக் கடித்தார். அந்த வளைவில் வாய்க்காலை மூட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக எண்ணம். பச்சை வட்டம் ஒட்டினால் யாரும் அங்கே திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கொஞ்சம் காரம் வேண்டும் என்றார். பிறகு எழுதினார்: 'எங்கள் பெண் சைக்கிளோடு இந்த வளைவில் விழுந்துவிட்டாள்.'

கையெழுத்துப் போடும் இடத்தை நான்கிலும் காலியாக விட்டார். அடுத்தவர் கையெழுத்தைப் போடுவது குற்றமாம். அந்த அளவுக்கு நேர்மை. நான் சிரித்தேன். அதில் எனக்குப் பங்கு இல்லை என்று இன்று சொன்னால் அது பொய்.

படிவங்கள் போயின. நாற்பதும் சரி, தெரு திட்டத்தில் சேர்ந்துவிட்டது என்று மேப் மேடம் மகிழ்ந்துபோனார். அடுத்த சனிக்கிழமை தெரு மக்களை எல்லாம் கூட்டி யோசனை கேட்பதாக முடிவு. அதற்கு அழைப்புத்தாளை ஒவ்வொரு வீட்டிலும் கையில் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சகலை போனார். எட்டாம் எண் வீடு திறந்திருந்தது.

வாசலில் ஒரு பெரியவர். இடது கை தோளோடு சேர்த்துக் கட்டுப்போட்டிருந்தது. சகலையைப் பார்த்ததும் போன வியாழக்கிழமைதானே வந்தீர்கள், மறுபடியும் எதற்கு என்று கேட்டாராம். தன்னை வேறு யாரோ என்று நினைத்துவிட்டார் போல என்று சகலை சிரித்து வைத்திருக்கிறார்.

"நான் சொன்னத அப்படியே எழுதினீங்களா? பஸ் உரசினது?"

"அது எப்பங்க நடந்துச்சு?"

"சனிக்கிழமை காலையில."

"வியாழக்கிழமை என்கிட்ட சொன்னதாச் சொல்றீங்க. சனிக்கிழமை அடிபட்டுச்சுங்கறீங்க."

பெரியவர் தன் கட்டைப் பார்த்தார். பிறகு சகலையை மேலிருந்து கீழே பார்த்தார். கண்ணில் சந்தேகம் இல்லையாம், பயம் இருந்ததாம்.

"அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை பேசல. இன்னைக்கு ரொம்பப் பேசறீங்க," என்று சொல்லி ஒற்றைக் கையால் கதவைச் சாத்திக்கொண்டார்.

பதினான்காம் எண்ணில் அண்ணன்காரன் இருந்தான். வாசல் கம்பியில் இரண்டு சங்கிலி தொங்கியது, சைக்கிள் ஒன்றுதான் இருந்தது. மற்றதை ஞாயிற்றுக்கிழமை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்களாம். இப்போது முறை வைத்து ஓட்டுகிறார்களாம். அவனும் அதையேதான் சொன்னான். வந்தீர்கள், இந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள், தண்ணீர் கொடுத்தோம், கையில் வாங்கி அப்படியே கீழே வைத்துவிட்டீர்கள். அதே சட்டை, ஜிப் கிழிந்த அதே பை. நாங்கள் பேசப் பேச எழுதிக்கொண்டே இருந்தீர்கள்.

முப்பத்தொன்றில் கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும். கதவைத் திறந்த அம்மா, சகலை வாயைத் திறக்கும் முன்பே, மணிச் சத்தத்துக்கு ஏதாவது வழி செய்தீர்களா என்று கேட்டார். நாலைந்து நாளாக மத்தியானம் இரண்டு மணிக்கு ஜன்னலுக்குக் கீழே சைக்கிள் மணி அடிக்கிறது, எட்டிப் பார்த்தால் தெரு காலியாக இருக்கிறது, அவர் அந்த நேரத்தில் மாத்திரை போட்டுத் தூங்குகிறவர், எழுந்து உட்கார்ந்துகொள்கிறார் என்றார். சகலை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாக ஒரு நிமிடம் இருந்தது. நிற்காமல் வந்துவிட்டார்.

என் பட்டறைக்குத்தான் நேராக வந்தார். டிரம்மின் மேல் உட்கார்ந்து கால் மணி நேரம் எதுவும் பேசவில்லை. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று நான் மிட்டாய் எடுத்துக் கொடுத்தேன். பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார். வேறு ஏதாவது ஆபீஸிலிருந்து ஆள் வந்திருப்பான், கிழவர் நாள் மாற்றிச் சொல்லியிருப்பார் என்று நான் சமாதானம் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

சகலையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அங்கே மச்சினி பிள்ளையைப் பார்க்க வந்திருந்தாள். பயத்தைக் கொஞ்சம் சிரிப்பாக்கிவிடலாம் என்று அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். மூன்று வீட்டில் போய் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாராம் உன் புருஷன் என்றேன்.

"பேசாமலா? அப்ப அது இவர் இல்ல மாமா. அது யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. நான் அவரையே வெச்சுக்கறேன்."

என் மனைவி சிரித்த சிரிப்பில் பேத்தி விழித்துக்கொண்டாள். சகலை மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது என் கையைப் பிடித்தார்.

"மூணும் நான் எழுதினதுக்கு அப்புறம் நடந்திருக்கு சகல. நாலாவது பாக்கி இருக்கு."

எனக்கு அது தைத்தது அப்போதுதான். கைக்குழந்தையைச் சற்று முன்புதான் தோளிலிருந்து இறக்கியிருந்தேன். அந்தக் கதகதப்பு சட்டையில் அப்படியே இருந்தது.

மறுநாள் இரண்டு பேருமாக ஐம்பத்திரண்டாம் எண் வீட்டுக்குப் போனோம். வீடு திறந்திருந்தது. தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நாங்கள் படி ஏறியதும் நின்றது. முப்பத்தைந்து வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, கழுத்தில் அளவு நாடா. வெளியூரில் இருந்ததாகவும் போன வாரம்தான் திரும்பியதாகவும் சொன்னார். உள்ளே வரச் சொன்னார். சகலை வாசல்படியைத் தாண்டவில்லை.

"நான் முன்னாடி வந்தேனாம்மா?"

"வந்தீங்களே அண்ணா. வியாழக்கிழமை. நாங்க ஊர்லேர்ந்து வந்து பூட்டத் திறக்கறப்பவே நீங்க இங்க நின்னுட்டிருந்தீங்க."

"நான் என்ன கேட்டேன்?"

"நீங்க எங்க கேட்டீங்க? எழுதிட்டே இருந்தீங்க. நீங்க எழுதி நிறுத்தினதும் எனக்கு அந்த வார்த்தை வாயில வந்துச்சு. எங்க பொண்ணு வளைவுல விழுந்துட்டான்னு."

"எப்பம்மா விழுந்தா?"

அவர் அளவு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், திரும்பச் சுருட்டினார்.

"அவ விழல அண்ணா. இதுவரைக்கும் விழுந்ததே இல்ல. ஏன் அப்படிச் சொன்னேன்னு அன்னையிலேர்ந்து யோசிச்சிட்டிருக்கேன். அப்ப அவளுக்குச் சைக்கிளே கிடையாது. முந்தாநாள்தான் அவங்கப்பா வாங்கிக் கொடுத்தாரு."

சைக்கிள் சுவரோரம் நின்றது. சிவப்பு நிறம். ஹேண்டிலில் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. மகளுக்கு ஒன்பது வயதாம், பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். அவளை ஓட்ட விட வேண்டாம் என்று சகலை சொன்னார். ஏன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்காமலே தலையாட்டிவிட்டுச் சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை சகலை மேப் மேடத்திடம் போய் உண்மையை ஒப்புக்கொண்டார். நான்கும் நானே எழுதியது, அந்த வீட்டுக்காரர்களை நான் பார்க்கவே இல்லை, வேலையை விட்டு எடுங்கள், ஆனால் ஐம்பத்திரண்டாம் எண்ணைக் கிழித்துப் போடுங்கள் என்றார். வேலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னார். மேப் மேடம் அவரை விநோதமாகப் பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து நான்கு படிவத்தையும் எடுத்து மேஜையில் பரப்பினார்.

"விளையாடறீங்களா சார்? நாலுலயும் கையெழுத்து இருக்கே."

இருந்தது. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான்கு விதமான கை. எட்டாம் எண் வீட்டுப் பெரியவருடையது நடுக்கத்தோடு இருந்தது. ஐம்பத்திரண்டில் அந்தப் பெண் தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தார். சகலை அந்தக் காகிதத்தைத் தொடவே இல்லை. பதிவான படிவத்தை எடுக்க வழி கிடையாது, வேண்டுமானால் சனிக்கிழமை கூட்டத்தில் எழுந்து பேசுங்கள் என்று மேடம் சொன்னார். சுவரில் இருந்த வரைபடத்தில் வளைவின் மேல் சிவப்பு வட்டம் ஒட்டியிருந்தது. நான் செய்து கொடுத்த ஸ்டாண்டில்தான் அது நின்றது.

அன்றிலிருந்து சகலை காலை எட்டு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் அந்த வளைவில் போய் நின்றார். முதல் நாளே அந்தப் பெண்பிள்ளை சைக்கிளில் வந்தாள். வீட்டில் அவள் சைக்கிளைப் பூட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சகலை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாய்க்கால் ஓரம் ஓட, அவள் அவரைச் சுற்றி வளைத்து ஓட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

சனிக்கிழமை கூட்டம் நூலகத்தின் கீழ் அறையில். எண்பது பேர் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் ஆளுக்கு மூன்று நீல வட்டம் கொடுத்தார்கள். தெருவில் எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அங்கே ஒட்டுங்கள் என்றார் மேப் மேடம். உடனே சந்தை மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரர் தன் கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் விட வேண்டும் என்றார். ஒருவர் விளக்கு என்றார். இன்னொருவர் சைக்கிள் பாதையே வேண்டாம், அந்த இடத்தில் மரம் வையுங்கள் என்றார்.

சகலை எழுந்தார். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்று நான் பயந்தேன். ஆனால் அவர் நாலே வாக்கியம்தான் பேசினார்.

"எல்லாருடைய வட்டமும் எனக்கு வேணும். அந்த வளைவுல ஒட்டுங்க. வாய்க்காலை முதல்ல மூடணும். ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

உங்கள் வீடு அங்கேயா இருக்கிறது என்று கடைக்காரர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். பின் வரிசையிலிருந்து தையல்காரப் பெண் எழுந்து வந்து, தன் மூன்று வட்டத்தையும் வளைவின் மேல் ஒட்டினார். அடுத்து தோளில் கட்டோடு எட்டாம் எண் வீட்டுப் பெரியவர். ஒரு கையால் ஸ்டிக்கரை உரிக்க முடியாமல் பல்லால் கடித்து உரித்தார். பதினான்காம் எண் அண்ணன் தம்பி. முப்பத்தொன்றாம் வீட்டு அம்மா. நான்கு வீட்டாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சகலையையும் பார்க்கவில்லை. இவர்கள் போவதைப் பார்த்ததும் மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டு வரிசையில் வந்தார்கள். கடைக்காரர் கடைசியாக வந்து இரண்டை ஒட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டார். வட்டத்தின் மேல் வட்டமாக ஒட்டி அந்த இடத்தில் காகிதம் விரல் பருமன் தடித்துப்போனது. கீழே இருந்த சிவப்பு எங்கேயும் தெரியவில்லை.

மேப் மேடம் சரி என்றார். கான்கிரீட் பலகை போட மூன்று மாதமாகும் என்றும் சொன்னார். மூன்று மாதம் என்றதும் சகலை என்னைத் திரும்பிப் பார்த்தார். தற்காலிகமாக இரும்பு மூடி போட ஆபீஸ் அனுமதி எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் நான் முடித்துவிடுவேன் என்றேன். திங்கட்கிழமை கடிதம் கையில் வந்தது.

நான் இரவில் வேலை செய்யும் வழக்கம் இல்லாதவன், விடிந்ததும் ஆரம்பித்து விளக்கு வைக்கும்வரை செய்தேன். வளைவு முழுக்கப் பன்னிரண்டு அடி நீளம். ஆங்கிள் இரும்பில் சட்டம், அதன் மேல் கம்பி. கம்பி சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நெடுக்காகப் போட்டால் சக்கரம் இடுக்கில் இறங்கி ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். இடைவெளி ஒரு விரல், அவ்வளவுதான். சகலை காலையும் மாலையும் வளைவில் நின்றுவிட்டு நடுவில் வந்து கம்பி பிடித்துக்கொண்டார். பேசவில்லை. பேசாத சகலையோடு வேலை செய்வது, பக்கத்தில் வேறு யாரோ நிற்பது போல இருந்தது. ஒன்றிரண்டு தடவை நிமிர்ந்து முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மூடியை வண்டியில் கொண்டுபோய் இறக்கினோம். தெருவே வந்து கை கொடுத்தது. கரையில் உட்கார வைத்து, ஓரத்தில் பதித்த இரும்போடு சேர்த்துப் பற்றவைத்தேன். கடைசி மூலை முடியும்போது எட்டாகப் பத்து நிமிடம். கூட்டம் கலைந்துவிட்டது. இணைப்புகளைத் தட்டிப் பார்ப்பதற்குச் சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மணிச் சத்தம் கேட்டது. சிவப்புச் சைக்கிள். மூடி போட்டாயிற்று என்று வீட்டில் பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டார்கள் போல. வேகம் ஒன்றும் இல்லை. தெரு காலி, கல் இல்லை, மணல் இல்லை, நாய் குறுக்கே வரவில்லை. வளைவுக்கு வந்ததும் முன்சக்கரம் தானாகத் திரும்பியது. யாரோ ஹேண்டிலைப் பிடித்து மெதுவாகத் திருப்பிவிட்டது போல, அவ்வளவு நிதானமாக. சகலை மூன்றடி தூரத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது, கால் எழவில்லை. எனக்கும் அப்படித்தான். சைக்கிள் கரையைத் தாண்டி மூடியின் நட்டநடுவில் சாய்ந்தது. கம்பி அதிர்ந்த சத்தம் தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தது.

பெண் குப்புறக் கிடந்தாள். அவள் முகத்துக்கு ஒரு முழம் கீழே, கம்பி இடைவெளியில், கறுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவள் எழுந்து உட்கார்ந்தாள். முழங்காலைப் பார்த்தாள். ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிராய்ப்பு.

"பாத்துட்டே நிக்கறீங்க? சைக்கிளத் தூக்கி விடுங்க தாத்தா."

சகலைக்கு அப்போதுதான் கால் வந்தது. ஓடிப்போய்ச் சைக்கிளை நிமிர்த்தினார். அவள் கையைத் தடவினார், தலையைத் தடவினார், சிராய்ப்பை ஊதினார். ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. நல்லா விழுந்தடா கண்ணு, ரொம்ப நல்லா விழுந்த, இதை விட நல்லா யாராலும் விழ முடியாது என்று அழுதுகொண்டே சொன்னார். விழுந்ததற்குப் பாராட்டுகிற ஆளை அவள் பார்த்ததில்லை போல. பையை மாட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

நாங்கள் இரண்டு பேரும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தோம். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரித்தார். நானும் சிரித்தேன். முடிந்தது சகல, எழுதினது நடந்து முடிந்துவிட்டது, வாங்க டீ குடிக்கலாம் என்றேன். எழுந்தவர் பாதியில் நின்றார். மூடியைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"விழுந்தான்னுதான் எழுதினேன் சகல. எத்தனை தடவைன்னு எழுதலையே."

நான் கண்ணாடியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு மெஷினைப் போட்டேன். நன்றாகப் பிடித்திருந்த இணைப்புகளின் மேலேயே, மூலைக்கு மூலை, இன்னொரு சுற்று பற்றவைத்தேன்.